சீரழிந்த நிலத்தில் மரம் வளர்ப்பது: எதை முதலில் செய்வது, எதை அப்புறம்

முதல் மழை விழுந்ததும் கன்றுகளை வண்டியில் ஏற்றி வந்து, அன்றே குழி வெட்டி, அன்றே நட்டுவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த கோடை முடியும்போது குழி இருக்கும், ஊன்றிய குச்சி இருக்கும், கன்று இருக்காது. அவர்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை, வரிசைதான் தப்பிவிட்டது. மழைத்தண்ணீர் நிற்காமல் ஓடும் இடத்தில், ஆடுமாடு தாராளமாக வந்துபோகும் இடத்தில், கன்று நடுவது கடைசியில் வரவேண்டிய வேலை. அதற்கு முன்னால் ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கான வேலை இருக்கிறது.

நான் வேலை செய்ததெல்லாம் சில மாதங்களில் மழை கொட்டிவிட்டு மீதி மாதங்கள் காய்ந்து கிடக்கும் வெப்பமண்டலச் சரிவு நிலங்கள். அவற்றை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். வேறு இடங்களில் மர வகை மாறும், மாதம் மாறும், அளவுகள் கொஞ்சம் மாறும். வரிசை இதேதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிலம் யாருடையது, மரம் வளர்ந்தபின் அது யாருக்குச் சேரும் என்பதை எழுத்தில் முடித்துவிடுங்கள். பொது நிலமாக இருந்தால் அனுமதி வாங்குங்கள். கன்று தழைத்தபின் வரும் தகராறை எந்த வேலியாலும் தடுக்க முடியாது.

அடுத்தது ஆள். நடுவதற்கு நூறு பேர் ஒருநாள் வருவார்கள். உங்களுக்குத் தேவை மூன்று ஆண்டுகள் வாரம் ஒருமுறையாவது வரும் இரண்டு மூன்று பேர். அவர்கள் யார் என்று இப்போதே தெரியவில்லை என்றால் பரப்பைக் குறையுங்கள். பத்து ஏக்கரில் நட்டுக் கைவிடுவதைவிட ஒரு ஏக்கரை முழுதாகக் காப்பாற்றுவது மேல்.

பணத்தையும் அப்படியே பிரியுங்கள். நான் பாதியை மட்டும் மண்வேலைக்கும் நடவுக்கும் ஒதுக்கி, மறுபாதியைப் பின்பராமரிப்புக்கு என்று தொடாமல் வைத்திருப்பேன். புதிதாக வருபவர்கள் மொத்தத்தையும் கன்று வாங்குவதில் செலவழித்துவிட்டு முதல் கோடையில் தண்ணீர் வண்டிக்குக் காசில்லாமல் நிற்கிறார்கள்.

கருவிகள் எளியவைதான்: கடப்பாரை, மண்வெட்டி, கூடை, கயிறு, அளவுநாடா, இரண்டு பக்கமும் திறந்த ஒரு தகர டப்பா, கூராக்கிய ஒரு இரும்புக் கம்பி, மூன்று மரச் சட்டங்கள். ஒவ்வொன்றும் எதற்கு என்று கீழே வரும்.

2. இது உண்மையிலேயே சீரழிந்த நிலம்தானா?

மரம் இல்லாத நிலமெல்லாம் கெட்டுப்போன நிலம் இல்லை. இயற்கையான புல்வெளிகளும் முட்புதர்க் காடுகளும் தங்களளவில் முழுமையானவை. அங்கே வாழும் பறவையும் மானும் திறந்த வெளியை நம்பித்தான் இருக்கின்றன. அந்த மண்ணில் புல்லின் வேர்களும் மட்கும் (மக்கிய தழைப்பொருள்) ஏற்கெனவே நிறைந்திருக்கும். அதில் குழி வெட்டி மரம் நட்டால், சீர்செய்யப் போன நாமே நிலத்தைக் கெடுத்தவர்கள் ஆவோம்.

அடையாளம் பார்ப்பது கடினமில்லை. பலவகைப் பல்லாண்டுப் புற்கள் நெருக்கமாக இருக்கின்றனவா? புல் தூர்களுக்கு நடுவில் மண் பொலபொலவென்று இருக்கிறதா? அப்படியென்றால் விட்டுவிடுங்கள். மேல்மண் போய்ச் சரளை தெரிகிறது, சிறு கால்வாய்களாக மண் அறுபட்டிருக்கிறது, செடிகளின் வேர்க்கழுத்து (தண்டும் வேரும் சேரும் இடம்) தரைக்கு மேலே நிற்கிறது, மண் மேல் ஓடுபோல இறுகியிருக்கிறது என்றால் அது சீரழிந்த நிலம். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் வயதானவர்களைக் கேளுங்கள். அங்கே முன்பு காடு இருந்ததா, புல்வெளி இருந்ததா என்று அவர்களுக்குத் தெரியும்.

3. மழையில் நடந்து பாருங்கள், மண்ணைச் சோதியுங்கள்

ஒரு பெருமழையின்போது குடையோடு நிலத்துக்குப் போங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வேகம் எடுக்கிறது, எங்கே கலங்கலாகிறது, எங்கே வெளியேறுகிறது என்று ஒரு தாளில் கிறுக்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் தெரிவது, வெயில் நாளில் பத்து முறை நடந்தாலும் தெரியாது.

அப்புறம் நான்கு சோதனைகள். முதல் மூன்றுக்கும் செலவே இல்லை.

தண்ணீர் இறங்கும் வேகம்: சுமார் 15 செ.மீ. விட்டமுள்ள தகர டப்பாவின் இரு மூடிகளையும் வெட்டி எடுத்து, மண்ணில் பாதியளவு அடித்து இறக்குங்கள். அதில் 440 மில்லி தண்ணீர் ஊற்றினால் அது 2.5 செ.மீ. மழைக்குச் சமம். முழுதும் இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். உடனே இன்னொரு முறை அதே அளவு ஊற்றி, இரண்டாம் முறையின் நேரத்தைக் குறியுங்கள். இதையே பக்கத்தில் ஒரு பழைய மரத்தடியிலும் செய்யுங்கள். இரண்டு இடங்களின் நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் நிலம் இழந்தது. சில ஆண்டுகள் கழித்து இதே இடத்தில் இதே சோதனையைச் செய்யப் போகிறீர்கள், அதனால் எண்ணைப் பத்திரமாக எழுதி வையுங்கள்.

கட்டி கரைகிறதா: காய்ந்த மண்கட்டி ஒன்றை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். நல்ல மண் நெடுநேரம் உருக்குலையாமல் நிற்கும், ஏனென்றால் அதிலுள்ள மட்கு, பூஞ்சை இழைகள் இரண்டும் அதை ஒட்டிப் பிடித்திருக்கின்றன. சீரழிந்த மண் ஒரு நிமிடத்தில் பொடிந்து விழும். மழைத்துளி படும்போது நிலத்தில் நடப்பதும் இதுதான்: பொடிந்த துகள் துளைகளை அடைத்து, மேலே ஓடு கட்டிவிடுகிறது.

இரும்புக் கம்பி: மண் ஈரமாக இருக்கும்போது கம்பியை அழுத்துங்கள். ஒரு சாண் ஆழத்தில் பாறை இல்லாமலே கம்பி நின்றுவிட்டால் அங்கே இறுகிய அடுக்கு இருக்கிறது. வேரும் அங்கேதான் நிற்கும். காய்ந்த மண்ணில் இந்தச் சோதனை செய்தால் எல்லா இடமும் இறுக்கமாகத் தெரியும், அதனால் ஈரம் அவசியம்.

நான்காவது, மண் பரிசோதனைக் கூடம். கார அமில நிலையும் உப்பின் அளவும் மட்டும் போதும். கார அமில நிலை 5.5-க்குக் கீழே போனால் மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கெடுக்கும். 8.5-க்கு மேலே போனால் பெரும்பாலும் சோடியம் மிகுந்த களர் மண். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் என்றால் உவர் மண். களரும் உவரும் ஒன்றல்ல. களர் மண்ணுக்கு ஜிப்சம் இட்டு நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், உவர் மண்ணுக்கு நல்ல தண்ணீரும் வடிகாலுமே போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நட்ட கன்றுகள் ஒரே மாதத்தில் இலை ஓரம் கருகி நின்றதைப் பார்த்திருக்கிறேன். நோய் என்று மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

4. மேய்ச்சலை முதலில் பேசி முடியுங்கள்

ஒரு ஆடு ஒரு மாலையில் ஐம்பது கன்றுகளின் நுனியைக் கடித்துவிட்டுப் போய்விடும். நுனி போன கன்று மீண்டும் துளிர்க்கும், மீண்டும் கடிபடும், மூன்றாம் முறை சாகும். அதனால் வேலி கன்றுக்கு முன்னால் வர வேண்டும்.

ஆனால் கம்பி வேலிக்கும் முன்னால் வரவேண்டியது பேச்சு. அந்த நிலத்தில் மேய்ப்பவர்களுக்கு வேறு புல் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். எனக்குப் பலன் தந்த ஏற்பாடு இது: நிலத்தை மூன்று பங்காக்கி, முதலில் ஒரு பங்கை மட்டும் அடைப்பது. அடைத்த பங்கில் புல் ஒரே மழைக்காலத்தில் முழங்கால் உயரம் வந்துவிடும். அதை அறுத்து எடுத்துப் போகலாம், மேய்க்கக் கூடாது என்று ஒப்புக்கொள்வது. புல் கிடைக்கிறது என்று தெரிந்ததும் காவல் காப்பவர்களே அவர்கள்தான்.

முள் வெட்டி அடுக்கும் வேலி ஒரு பருவம் தாங்கும், அதற்குள் கறையான் தின்றுவிடும். அது நிற்கும்போதே உட்பக்கம் உயிர்வேலிக்கு விதை போட்டுவிடுங்கள்.

5. உயிரோடு இருக்கும் தூர்களைத் தேடுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் படி இது. வெட்டப்பட்டு, கடிபட்டு, புதர்போல் குட்டையாகக் கிடக்கும் செடிகளைக் கூர்ந்து பாருங்கள். பல, மரத்தின் தூர்கள். மேலே ஒரு முழம், கீழே பல ஆண்டு வேர். நீங்கள் நடும் எந்தக் கன்றும் அந்த வேருக்கு ஈடாகாது.

ஒவ்வொரு தூரிலும் நேராக, தடிப்பாக உள்ள மூன்று முதல் ஐந்து கிளைகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கூர்மையான கத்தியால் அடியோடு அறுங்கள். விட்ட கிளைகளில் கீழ்ப்பாதியில் உள்ள பக்கக் கிளைகளை நீக்குங்கள். அறுத்த தழையை அங்கேயே பரப்புங்கள். அடுத்த ஆண்டு இன்னும் ஒன்றிரண்டு கிளைகளைக் குறைக்கலாம். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் 1980-களில் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினௌடோ உழவர்களோடு சேர்ந்து தொடங்கிய இந்த முறையில்தான் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. அங்கே நாற்றங்கால் இல்லை, குழி இல்லை, தண்ணீர் வண்டி இல்லை.

தூர்களை எண்ணி முடித்தபின்தான் எத்தனை கன்று வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். ஏக்கருக்கு நூறு தூர் உயிரோடிருந்தால் நடவுச் செலவு நன்றாகவே குறைந்துவிடும்.

6. ஓடும் தண்ணீரை நிறுத்துங்கள்

ஒரு மி.மீ. மழை ஒரு சதுர மீட்டரில் விழுந்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் திட்டமிடலாம். 50 மி.மீ. மழை பெய்து, அதில் பாதி ஓடிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் நீள அகழிக்கு மேலே 10 மீட்டர் சரிவு இருந்தால் 40 சதுர மீட்டர். அதிலிருந்து ஓடிவருவது 1,000 லிட்டர். 4 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழமுள்ள அகழி சரியாக அந்த 1,000 லிட்டரைப் பிடிக்கும். அதை வண்டியில் கொண்டுவர என்ன ஆகும் என்று பார்த்தால் அகழி வெட்டும் கூலி பெரிதாகத் தெரியாது.

அகழி சம உயரக் கோட்டில் இருக்க வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், சரிவில் கண் ஏமாற்றும். 2 மீட்டர் நீளச் சட்டங்கள் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவே குறுக்குச் சட்டம் வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். தரையில் நிறுத்தி, நூல் குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி, அதே இரண்டு புள்ளிகளில் நிறுத்தி, மீண்டும் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் சமமட்டம். இனி நூல் அந்த நடுக்குறியில் நிற்கும்படி காலை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு அடியிலும் ஒரு முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனால் கோடு கிடைத்துவிடும். காற்றடிக்கும் நாளில் செய்யாதீர்கள், நூல் நிற்காது.

அகழியை ஒரே நீளமாக வெட்டாமல் துண்டு துண்டாக வெட்டுங்கள். மேல் வரிசையில் இடைவெளி உள்ள இடத்துக்கு நேர் கீழே அடுத்த வரிசை அகழி வரட்டும். காரணம், எங்காவது மட்டம் தவறியிருந்தால் நீள அகழியில் மொத்தத் தண்ணீரும் தாழ்ந்த முனைக்கு ஓடி, அங்கே உடைத்துக்கொண்டு போகும். ஒரு உடைப்பு கீழுள்ள எல்லா வரிசைகளையும் வரிசையாக அறுத்துவிடும். வெட்டிய மண்ணை எப்போதும் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டு, அன்றே புல் விதை தூவுங்கள். மிகவும் செங்குத்தான சரிவிலும், மண் மெல்லிதாகப் பாறையை மூடியிருக்கும் இடத்திலும் அகழி வெட்டாதீர்கள். அங்கே கல் வரப்பும் புல் வரிசையும் போதும்.

சரிவு குறைந்த, ஓடு கட்டிய நிலத்துக்குப் பிறை வடிவ வரப்பு நல்லது. இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில், வாய் மேட்டுப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். வாயைக் கீழ்ப்பக்கம் திருப்பி அமைத்ததை இரண்டு முறை பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் நிற்கவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் செய்யும் ‘ஸாய்’ என்ற குழியும் இந்த வகைதான். 20 முதல் 30 செ.மீ. அகலம், 10 முதல் 20 செ.மீ. ஆழத்தில் கோடையிலேயே குழி எடுத்து, ஒரு கை எரு போட்டு வைப்பார்கள். எருவைத் தேடிக் கறையான் வந்து துளையிடும். மழை வரும்போது தண்ணீர் அந்தத் துளைகள் வழியே ஆழத்துக்கு இறங்கும். இறுகிய மண்ணைக் கறையானே உழுது தருகிறது என்று சொல்லலாம்.

அறுபட்ட ஓடைகளை மேலிருந்து கீழாக அடையுங்கள், கீழிருந்து அல்ல. மேலே வேகத்தைக் குறைக்காமல் கீழே கட்டிய கல் தடுப்பு முதல் வெள்ளத்திலேயே போய்விடும். மேல் தடுப்பின் அடிமட்டமும் அடுத்துள்ள கீழ்த் தடுப்பின் தலைமட்டமும் ஒரே உயரத்தில் வருமாறு இடைவெளி விடுங்கள். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்கட்டும். நடுப்பகுதி மேடாக இருந்தால் தண்ணீர் ஓரமாக ஒதுங்கிக் கரையை அரித்து, தடுப்பைச் சுற்றிக்கொண்டு புது ஓடை போடும். கற்களின் முனைகளை இரு கரைகளிலும் ஒரு முழம் உள்ளே புதைப்பதும் இதற்காகத்தான்.

7. மண்ணை மூடுங்கள்

முதல் மழைக்காலத்தில் மரம் நட வேண்டாம். சணப்பை, கொழுஞ்சி போன்ற பசுந்தாள் பயிர்களையும் அங்கே இயல்பாக வளரும் புற்களையும் கலந்து தூவுங்கள். பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் உள்ள ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவரும். பூக்கத் தொடங்கும்போது அறுத்து அப்படியே பரப்புங்கள். அதற்கு மேல் விட்டால் தண்டு நார் ஓடி, மட்க நாளாகும்.

தழையோ வைக்கோலோ கிடைத்தால் மேலே பரப்புங்கள், மண்ணுக்குள் புதைக்காதீர்கள். மட்காத நார்ப்பொருளை மண்ணோடு கலந்தால் அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் கொஞ்ச நைட்ரஜனையும் எடுத்துக்கொள்ளும். செடி வெளுத்துப்போகும்.

8. மர வகை

இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டம் வெயிலையும் வறட்சியையும் வறிய மண்ணையும் தாங்கி வேகமாக எழுந்து நிழலும் தழையும் தருபவை: வேல மர இனங்கள், உசில், வாகை, புங்கன், இலந்தை, வேம்பு. இவற்றில் பல நைட்ரஜனைப் பிடிப்பவை. இரண்டாம் கூட்டம் நிழலும் ஈரமும் மட்கும் வந்தபின் சேர்க்க வேண்டியவை: இலுப்பை, நாவல், மருது போன்றவை. புதியவர்கள் இரண்டாம் கூட்டத்தை முதல் ஆண்டே நட்டுவிடுகிறார்கள். அவை பிழைத்தாலும் நாலைந்து ஆண்டுகள் அதே உயரத்தில் நிற்கும்.

ஒரு வகையை மட்டும் நடாதீர்கள். ஒரே பூச்சி எல்லாவற்றையும் தின்றுவிடும். பத்து வகைக்குக் குறையாமல் பாருங்கள். உங்கள் நிலத்தைப்போலவே கெட்டுக் கிடக்கும் பக்கத்து நிலத்தில் எது தானாக நிற்கிறதோ அதுதான் உங்கள் பட்டியலின் முதல் பெயர். ஒன்று மட்டும் விதிவிலக்கு: சீமைக்கருவேல் போலத் தானாகப் பரவி மற்றதை வளரவிடாத வெளியினங்களை, எவ்வளவு எளிதில் வளர்ந்தாலும், நிலத்தில் விடாதீர்கள்.

இடைவெளிக்கு ஒரு கணக்கு: 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் ஏக்கருக்கு 450 கன்று, 4-க்கு 4 என்றால் 253, 5-க்கு 5 என்றால் 162. மழை குறையக் குறைய இடைவெளியைக் கூட்டுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் தண்ணீர் சேர்த்துத் தரும் வெற்றுப்பரப்பு வேண்டும். சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்று நெருக்கி நடும் மியாவாகி முறை, மண்ணை ஆழமாகப் பண்படுத்தி இரண்டு மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்ற முடிகிற சிறு இடத்துக்கு ஏற்றது. பரந்த வறண்ட சரிவுக்கு அது வேண்டாம்.

9. கன்றைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்

ஒரு முறை ஒரு நாற்றங்காலிலிருந்து மார்பளவு உயரத்தில், பளபளவென்று தழைத்த கன்றுகளை ஆசையாக வாங்கி நட்டேன். ஓராண்டு பச்சையாகவே இருந்தன, வளரவே இல்லை. ஒரு வேப்பங்கன்றைப் பிடித்து இழுத்தபோது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. மண்ணை உதறிப் பார்த்தால், வேர் இன்னும் பையின் வடிவத்திலேயே, உருளையாக, அடியில் மூன்று சுற்றுச் சுற்றி இருந்தது. ஆணிவேர் மேல் நோக்கி மடங்கியிருந்தது. பையில் அதிக நாள் இருந்த கன்றுகள் அவை. வேர் சுற்றிவிட்ட கன்று நிலத்தில் இறங்கியபிறகும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

அதனால் வாங்கும் முன் ஒன்றிரண்டு பைகளைக் கிழித்து வேரைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உயரம் முழங்கால் அளவு போதும், தண்டின் அடி பென்சில் தடிப்பு இருக்கட்டும். உயரமான கன்றுக்கு இலை அதிகம், வேர் குறைவு. வெயிலில் அது குடிக்கும் தண்ணீரைவிட விடும் தண்ணீர் கூடுதல்.

நடுவதற்கு மூன்று வாரம் முன்பே கன்றுகளை நிழல்வலையிலிருந்து வெளியே எடுத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்குங்கள். நிழலில் வளர்ந்த இலை நேரடி வெயிலில் இரண்டே நாளில் வெந்துவிடும்.

சொந்தமாக நாற்று விடுவதானால் விதையை ஒரே மரத்தில் எடுக்காமல் தள்ளித் தள்ளி நிற்கும் பல தாய்மரங்களிலிருந்து எடுங்கள். வேம்பு விதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும், உடனே போட்டுவிடுங்கள். கடினத் தோலுள்ள வேல், வாகை விதைகளைக் கொதித்து இறக்கிய நீரில் போட்டு, அது ஆற ஆற ஒரு நாள் ஊறவிட்டால் சீராக முளைக்கும்.

10. குழி

மழைக்கு ஒன்று இரண்டு மாதம் முன்பே 45 செ.மீ. நீள, அகல, ஆழத்தில் வெட்டிவிடுங்கள். இறுகிய மண்ணில் 60 செ.மீ. வெயிலும் காற்றும் முதல் தூறலும் குழியின் சுவரைத் தளர்த்தும். வட்டக் குழியைவிடச் சதுரக் குழி நல்லது, மூலையில் முட்டிய வேர் வெளியே ஊடுருவும். மண்வெட்டி வழவழப்பாக்கிய சுவரைக் கடப்பாரையால் கொத்திவிடுங்கள்.

மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் போடுங்கள். நிரப்பும்போது மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய எருவைக் கலந்து உள்ளே போடுங்கள், அடிமண்ணைக் கரைக்கு வையுங்கள். குழி முழுக்க எருவாக நிரப்பாதீர்கள். வேருக்குக் குழிக்குள்ளேயே எல்லாம் கிடைத்தால் வெளியே போகாது. மக்காத சாணம் போட்டால் சூடேறி வேர் வேகும், வேர்ப்புழுவும் வரும்.

அகழி வெட்டிய நிலத்தில் நடவுக்குழி அகழிக்குள் அல்ல, அகழிக்கும் கரைக்கும் நடுவில் உள்ள ஓரத்தில் வர வேண்டும். அகழியின் அடியில் நட்டால் வண்டல் மூடிவிடும், இல்லையென்றால் வேர் அழுகும். தண்ணீர் தேங்கும் நிலத்தில் மேடு போட்டு நடுங்கள். உவர் நிலத்தில் மேட்டின் உச்சியில் நடாதீர்கள். ஈரம் மேலேறி ஆவியாகும்போது உப்பு உச்சியில்தான் சேரும். மேட்டின் பக்கச் சரிவு பாதுகாப்பானது.

11. நடும் நாள்

முதல் மழைக்கு நடாதீர்கள். குழிக்குப் பக்கத்தில் ஒரு முழம் தோண்டி, அடியிலும் மண் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கிறது என்றால் மேகமூட்டமான நாளிலோ மாலையிலோ தொடங்குங்கள். அதேபோல மழைக்காலத்தின் பின்பகுதிக்கும் தள்ளிப்போடாதீர்கள். கோடை வருவதற்குள் வேர் ஆழம் போக அதற்கு நாள் வேண்டும்.

கன்றை முதல் நாள் மாலை நன்றாக நனைத்து வையுங்கள். தண்டைப் பிடித்துத் தூக்காமல் பையைப் பிடித்துத் தூக்குங்கள். பாலித்தீனை முழுவதும் கிழித்து எடுங்கள். ‘அடியை மட்டும் கிழித்தால் போதும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடியில் வேர் சுற்றியிருந்தால் அந்த ஒரு விரல்கடையை அறுத்துவிடுங்கள். அதே வகை மரம் நன்றாக நிற்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணைக் குழியில் போடுங்கள். அதில் அந்த மரத்துக்கு வேண்டிய வேர்ப்பூஞ்சையும் பாக்டீரியாவும் இருக்கும்.

வேர்க்கழுத்து மண்மட்டத்துக்குச் சமமாக இருக்கட்டும். ஆழப் புதைத்தால் தண்டு அழுகும், மேலே தெரிந்தால் காயும். மண்ணைக் கால் அழுத்தத்தால் இறுக்கி, உடனே தண்ணீர் ஊற்றுங்கள். காற்றுப் பொந்து இருக்கும் இடத்தில் வேர் காய்ந்துவிடும். கடைசியில், கன்றை இரு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். அசைந்தால் இன்னும் அழுத்துங்கள்.

சுற்றிலும் ஒரு சாண் தடிப்பில் தழையோ வைக்கோலோ பரப்பி மூடாக்கு. ஆனால் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி. ஒட்டிப் போட்டால் கறையானுக்குப் பாலம் போட்டதுபோல் ஆகும். எடுத்த பைகளை எண்ணி, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்பாருங்கள். பை குறைந்தால் ஏதோ ஒரு கன்று பையோடு புதைந்திருக்கிறது.

12. முதல் மூன்று ஆண்டுகள்

தண்ணீர்: தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது கன்றுக்குச் செய்யும் கெடுதல். வேர் மேலேயே தங்கிவிடும், ஒரு வாரம் ஆள் வராவிட்டால் செத்துவிடும். முதல் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை 10 முதல் 15 லிட்டர், மெதுவாக இறங்கும்படி ஊற்றுங்கள். இரண்டாம் கோடையில் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். மூன்றாவதில் நிறுத்திவிடுங்கள்.

களை: கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில் மட்டும் அறுத்து அங்கேயே போடுங்கள். மொத்த நிலத்தையும் சுத்தமாகச் செதுக்குவது பார்க்க அழகாக இருக்கும், பாடுபட்டுக் கொண்டுவந்த மூடாக்கு போய்விடும்.

மழைக்குமுன் ஒருமுறை, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் ஒருமுறை அகழிகளையும் தடுப்புகளையும் சுற்றிப் பாருங்கள். கையளவு உடைப்பை அன்றே ஒரு கூடை மண்ணால் அடைத்துவிடலாம். ஒரு மாதம் விட்டால் ஒரு வண்டி மண் வேண்டும். கோடைக்கு முன்னால் எல்லையில் இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்குப் புல் அறுத்துத் தீத்தடுப்புப் பட்டை விடுங்கள்.

செத்த கன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் பை வடிவில் இருந்தால் தவறு நாற்றங்காலில். தண்டடி கடிபட்டிருந்தால் எலியோ கறையானோ. வேர் கறுத்து நாறினால் தேங்கிய தண்ணீர். வேர் நன்றாக ஓடியும் காய்ந்திருந்தால்தான் வறட்சி. காரணம் தெரியாமல் அதே குழியில் பாடுவாசி (செத்த கன்றுக்கு ஈடாக நடும் கன்று) நட்டால் அதுவும் போகும். பாடுவாசியை அடுத்த மழையோடு முடித்துவிடுங்கள். அதற்குமேல் தள்ளினால் புதுக்கன்று மூத்தவற்றின் நிழலில் பின்தங்கிவிடும்.

13. நான்காம் ஆண்டு

நிலத்தில் நான்கு இடங்களில் கல் நட்டு, ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே திசையில் அங்கிருந்து படம் எடுங்கள். முதல் ஆண்டு அடித்த அதே இடத்தில் தகர டப்பாவை மறுபடி இறக்கி நேரம் பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு மண்வெட்டி மண்ணைப் புரட்டி மண்புழுக்களை எண்ணுங்கள். எத்தனை கன்று நிற்கிறது என்ற கணக்கைவிட இந்த எண்கள் நிலத்தின் நிலையைச் சரியாகச் சொல்லும்.

தண்ணீர் முன்பைவிடப் பாதி நேரத்தில் இறங்குகிறது, மரத்தடியில் இலைச்சருகு ஆண்டு முழுக்கக் கிடக்கிறது என்றால் முதல் கூட்ட மரங்களைக் கவாத்து செய்யலாம். மேல்கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை மழைக்கு முன் வெட்டி, தழையைத் தரையில் பரப்புங்கள். வெளிச்சம் திட்டுத்திட்டாக உள்ளே விழும். அந்தத் திட்டுகளில், மூடாக்கை ஒரு சாண் விலக்கிச் சின்னக் குழி எடுத்து, இலுப்பையையும் நாவலையும் மருதையும் இப்போது நடுங்கள். மருதை மட்டும் தண்ணீர் அதிகம் தங்கும் ஓடைக் கரையில் வையுங்கள். இந்த முறை பெரிய குழியும் வேண்டாம், கூடை எருவும் வேண்டாம். விலக்கிய சருகை மறுபடி இழுத்து மூடிவிட்டு அடுத்த திட்டுக்குப் போங்கள்.